அளவு ஜாக்கெட்

கொருக்குப்பேட்டை கேட்டு மூடினால்
என் கடைக்கு ஆள் வரும்.
சரக்கு ரயில் கடந்து முடிவதற்குள்
கொக்கி வைக்க, பக்கம் பிரிக்க, ஃபால்ஸ் அடிக்க
யாராவது பையைத் திறப்பார்கள்.

அப்படித்தான் வந்தாள் பூங்காவனம்.
சாக்குக் குடோனில் வேலை,
முடியில் எப்போதும் சணல் தூசி.
"இடது பக்கம் இழுக்குது ரெபேக்காக்கா,
நீதான் தப்பா வெட்டிட்ட."

பதினோரு வருடமாய் ஒரே அளவு ஜாக்கெட்.
மார்பு முப்பத்தாறு, உயரம் பதிமூன்றரை.
நான் தப்பாக வெட்டவில்லை.
திரைக்குப் பின்னால் போட்டுக் காட்டச் சொன்னேன்.
வலது டார்ட் முனை நின்ற இடத்தில் நிற்க
இடது பக்கம் துணி உள்ளே மடிந்தது.
துணி மட்டுமல்ல.
தோலும்,
நூலை இழுத்து முடிச்சுப் போட்ட மாதிரி
சுருங்கி.

"எத்தினி நாளா?"
"பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து.
வலிக்கலக்கா.
வலிச்சா போலாம்னு வுட்டுட்டேன்."

அது ஆடி மாதம்.

பல் வலித்தால் ஓடுகிறோம்.
காலில் ஆணி குத்தினால் ஓடுகிறோம்.
இது வலிக்கவில்லை என்பதால்
ஏழு மாதம் சாக்கு தூக்கியிருக்கிறாள்.

"மூணு புள்ளைக்கும் பால் குடுத்தவ நான்,
எங்க வம்சத்துலயே கிடையாது" என்றாள்
ஸ்டான்லி வரிசையில், சீட்டைச் சுருட்டியபடி.
வம்சத்தில் இல்லாதவர்கள்தான்
இங்கே அதிகம் வருகிறார்கள் என்றார்
தூங்கி நாளான கண்களோடு ஒரு சின்ன டாக்டர்.
பால் கொடுத்தது நல்லதுதான்,
ஆனால் அது பூட்டு இல்லையம்மா.

"எடுத்துடுவாங்களா?" என்று
அவரிடம் கேட்காமல் என்னிடம் கேட்டாள்.
எனக்குத் துணி வெட்டத்தான் தெரியும்.

அதற்குப் பிறகான ஒரு வருடத்தை
என் நோட்டில்தான் வைத்திருக்கிறேன்.
மருந்து ஏறிய மாதங்களில் மார்பு முப்பத்திரண்டு.
ஆபரேஷனுக்கு அப்புறம்
இடது கைக்கு மட்டும் முக்கால் அங்குலம் கூட,
நீர் கோத்துக்கொள்கிறது.
கரண்ட் வைத்த நாட்களில் மல் துணி,
முன்னால் கொக்கி வேண்டாம்,
கழுத்துத் தையல் வெளிப்பக்கம்.

ஒருநாள் கேட்டு மூடாமலே வந்தாள்.
"பஞ்சு வச்சித் தச்சியே, மேல ஏறிக்குதுக்கா.
தோளு ஒரு பக்கம் தூக்கிக்குது. கனம் வேணும்."
எதிர் மளிகையில் இருநூறு கிராம் கடுகு.
பருத்திப் பையில் கொட்டி, வட்டமாய் மூட்டி,
உள்பக்கம் ஒரு ஜேப்பில் செருகினேன்.
கண்ணாடியில் நேராய் நின்றாள்,
பிறகு பக்கவாட்டில்,
பிறகு வெகுநேரம் நேராய்.
"வெயில்ல நின்னா தாளிச்சிடப் போவுது" என்றாள்.
சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.
அவள்தான் முதலில் சிரித்தாள்.

அப்புறம் என் நோட்டைப் புரட்டினாள்,
ஒரு பக்கம், இன்னொரு பக்கம்.
"நூத்தி நாப்பது பேரு இருக்குது.
உன் அளவு எங்கக்கா?"

எனக்கு நானே தைப்பது கண் அளவில்.
வயது நாற்பத்தாறு.

அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு
மூன்று விரலால் தேடினேன்,
தைத்து முடித்த துணியில்
மறந்த குண்டூசியைத் தேடுவதுபோல
மெதுவாக, அக்குள் வரைக்கும்.
ஒன்றும் தட்டவில்லை.
விரலுக்குத் தட்டாததும் இருக்கும் என்று
அவளுக்குச் சொன்னார்களே.

சனிக்கிழமை மாமோகிராம் வண்டி வந்தது,
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூட மைதானத்தில்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கிளம்பினோம்.
கேட்டு மூடியிருந்தது.
இந்த ரயிலைச் சாக்கு வைத்துத் திரும்பிவிடலாம் என்று
நான் நினைத்தது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
வீங்காத கையால்
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
பெட்டிகளை எண்ணத் தொடங்கினாள்,
சத்தமாக.