மூன்று காலுக்கு ரப்பர்

முதலில் வந்தது போர்வை.
கட்டம் கட்டமாகத் தைத்து
ஒவ்வொன்றிலும் ஒரு பிடி கண்ணாடி மணி.
நவிலனை நிறுத்துப் பார்த்து
சிகிச்சையாளர் போட்ட கணக்கில்
ஒன்றே முக்கால் கிலோ,
சலுகை போகத் தொண்ணூற்றாறு வெள்ளி.
யாரோ கட்டிப்பிடித்திருப்பது போல இருக்குமாம்.
அவன் அதைச் சுருட்டி மலையாக்கி
உச்சியில் தன் பொம்மைப் பேருந்துகளை நிறுத்தினான்.
அன்றிரவு அதன் அடியில் தூங்கியது நான்.

பிறகு சொட்டு மருந்து.
மருத்துவர் எழுதிய அளவு, எட்டு மணிக்கு.
தூக்கத்தின் வாசல்வரை கொண்டுபோய் விடும்;
உள்ளே உட்காரவைப்பது அதன் வேலை இல்லை.
ஒன்றரைக்கு எழுந்து
மின்விசிறியின் இறக்கைகளை எண்ணுவான்.
மூன்றுதான்.
திரும்பவும் எண்ணுவான்.

மழைச் சத்தம் போடும் கருவி ஒன்று.
பேசாத பிள்ளை
என் கையைப் பிடித்து இழுத்துப்போய்
சன்னல் கம்பியில் வைத்தான்.
காய்ந்திருந்தது.
கருவியை அணைத்தேன்.
அதற்கு மேல் அவனிடம்
என்ன சொல்ல?

நவம்பரில் ஒரு செவ்வாய், இரவு இரண்டு மணி.
படுக்கையை நனைத்துவிட்டான்.
விரிப்பை இயந்திரத்தில் போட்டுவிட்டு
அவனுக்கு மாற்று உடை எடுத்து வருகிறேன்,
சமையலறைத் தரையில் கிடக்கிறான்
கன்னம் ஓட்டில் ஒட்டி, வாய் திறந்து.
இயந்திரம் கடைசிச் சுற்றில் குதித்துக்கொண்டிருந்தது.
தரை நடுங்கியது.
அவன் நடுங்கவில்லை.

அன்று முதல் தினமும் துவைத்தோம்.
துவைத்ததையே துவைத்தோம்.
அவன் அப்பாவின் சீருடை வெளுத்துப்போய்
புதிது வேண்டுமா என்று பணிமனையில் கேட்டார்கள்.
மின்கட்டணத் தாளை நான் மடித்தே வைத்திருந்தேன்.

எட்டாம் மாடி திரு. குவெக் ஏறி வந்தார்,
லிஃப்டில் அல்ல, படியில், கோபத்தோடு.
"உங்கள் வீட்டில் எத்தனை பேர்?
எவ்வளவு துணி?"
என் ஆங்கிலத்தில் பாதி, கையசைவில் பாதி சொன்னேன்.
மீதியைத் தரையில் படுத்திருந்தவன் சொன்னான்.
அவர் செருப்பைக் கழற்றவே இல்லை.
வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை திரும்பி வந்தார்.
செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பத்தொரு வருடம்;
கையில் நான்கு கறுப்பு ரப்பர் வில்லைகள்,
தானே அறுத்து, ஓரம் தேய்த்தவை.
மண்டியிட்டு, மூச்சு வாங்க,
இயந்திரத்தைச் சாய்த்துக் காலுக்கு ஒன்று வைத்தார்.
மட்டக்கோல் போட்டுப் பார்த்தார்.
கோப்பி குடிக்காமல் போனார்.

அன்றிரவு இயந்திரம்
பூனை மாதிரி நின்று சுற்றியது.
நவிலன் தரையில் உள்ளங்கை வைத்தான்.
பிறகு காது.
பிறகு நெற்றியால் ஓர் அடி.
இரண்டாவது அடிக்கு முன்
என் கை அங்கே இருந்தது.

காலையில் அவர் வந்தார், சிரித்தபடி.
ஓக்கேயா?
நன்றி சொல்லத்தான் வாய் திறந்தேன்.
அதற்குள் அவர் பார்த்துவிட்டார்,
பிள்ளையின் நெற்றியில்
ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு நீலம்.

மறுபடி மண்டியிட்டார்.
இடது பின்காலிலிருந்து ஒரு வில்லையை உருவிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
"எத்தனை மணிக்கு?"
"இரண்டு."
"சரி. இரண்டு."

இப்போது அது நொண்டி நொண்டிச் சுற்றுகிறது,
ஒரு காலுக்கு மட்டும் தரை கேட்கும்படி.
அந்தக் காலருகே கன்னம் வைத்துத் தூங்குகிறான்.
உள்ளே ஒரே ஒரு துண்டு,
ஏற்கெனவே சுத்தமானது.
கீழ்வீட்டுச் சமையலறை விளக்கு
எங்கள் துணிக்கழியின் அடிப்பக்கத்தில் மஞ்சளாகப் படுகிறது.
அவர் தண்ணீர் கொதிக்கவைக்கும் சத்தம்.
கழுவுத்தொட்டிக்கு அடியில்
போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறேன்.
ஒன்றே முக்கால் கிலோ.
எனக்கு எடை போதாது.
இன்னும் பதினொரு நிமிடம் சுற்றும்.