செலோடேப் ஒட்டிய இடம்

முதலியார்பேட்டையில்
டயர் ரீட்ரெடிங் கடைக்கு மேல்மாடி.
ஞாயிறு மெஷின் ஓடாது, அதனால் ஞாயிறு.
ரப்பர் வாடைக்கு மட்டும் லீவு கிடையாது.

இருபத்திரண்டு வருஷம் கழித்து
கலியபெருமாள் ஸ்நேரை இறுக்குகிறான்.
வலது தோளில் பிசியோதெரபி பட்டை.
"உருட்டல்லாம் கேக்காதீங்கப்பா,
நேரா போறேன், நேரா வரேன்."

ஜெர்வே வந்ததும் கண்ணாடியை மாற்றினான்.
காலைப் பூசைக்கு ஆர்கன் வாசித்த விரல்
சோல் பாட்டின் முதல் கார்டிலும்
கொஞ்சம் முழந்தாளிட்டுத்தான் எழுந்தது.

தாஜுதீன் அவனோடு பேசுவதில்லை.
ஒரு ஸ்பீக்கர் பெட்டி, இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்.
யார் கொடுத்தது, யார் கொடுக்கவில்லை
என்பது இருவருக்குமே மறந்துவிட்டது,
கோபம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.
"ஈ மைனர்னு சொல்லு அவன்கிட்ட"
என்பான் என்னிடம்.
மூன்றடி தள்ளி இருப்பவனுக்கு
நான் தபால்.
பேஸ் வாசிப்பவனுக்கு
எப்போதும் இந்த வேலைதான்.

பிலோமின் கடைசியில் வந்தாள்,
கோரிமேட்டில் டூட்டி முடித்து,
கையில் ஸ்பிரிட் வாசனை, பழைய கோடுபோட்ட நோட்டு.
அதில் அத்தனை இங்கிலீஷ் பாட்டும்
தமிழ் எழுத்தில்.
எந்த 'ப' உதட்டில், எந்த 'ப' தொண்டையில் என்று
தலைக்கு மேல் பென்சில் எண்கள்.
அர்த்தம் யார் கேட்டார்கள் அப்போது?
நெல்லித்தோப்பு ரிசப்ஷனில்
மூன்று தரம் ஒன்ஸ்மோர் வாங்கிய பாட்டு
புருஷனை விட்டுக் கிளம்புகிறவள் பாடுவதாம்.
மகன் போன மாசம்தான் சொன்னானாம்.
"அந்த ஜோடி நல்லாத்தான் இருக்கு,
விசாரிச்சிட்டேன்" என்றாள்.

சுருதி இரண்டு படி இறக்கம்.
அவள் கேட்கவில்லை. ஜெர்வே
சத்தமில்லாமல் பட்டனை அமுக்கியிருந்தான்.

கடைசிப் பாட்டு.
மூன்றாவது சரணம் முடிந்ததும் ஒரு வெட்டு,
மூச்சு விடாமல் பல்லவி.
ஐந்து பேரும் ஒன்றாய்த் தாவினோம்,
ஒருத்தர் செருப்பும் கழலவில்லை.
பெருமையாக நிமிர்ந்தபோது
கலியபெருமாளின் மருமகன் போனை நீட்டினான்:
"மாமா, ஒரிஜினல்ல இப்படி இல்லியே."

கேட்டோம்.
வெட்டே இல்லை.
அந்த இடத்தில் நாலு எண்ணிக்கை
ஆர்கன் மட்டும், தனியாக,
பஸ் பிடிக்க வேண்டாதவன் நடப்பதுபோல்.

கேசட் அறுந்தது எண்பத்தொன்பதில்.
கடலூர் ஓ.டி. துறைமுகத்தில்
தாஜுதீனின் சித்தப்பா
கப்பல்காரனிடம் வாங்கிய கேசட்.
பிளேடால் நறுக்கி
செலோடேப் போட்டவன் தாஜுதீன்.
அந்த ஒட்டைத்தான்
பன்னிரண்டு வருஷம் பாட்டென்று வாசித்தோம்,
கிறிஸ்துமஸ் இரவுகளில், ஜூலை பதினாலில்,
கரண்ட் போன ஒரு காலேஜ் விழாவில்.
ஜனங்களும்
அதற்குத்தான் விசிலடித்தார்கள்.

நாலு எண்ணிக்கையும் ஜெர்வேயுடையது.

தாஜுதீன் கிதார் ஒயரைக் கழற்றினான், மாட்டினான்.
என்னைப் பார்க்கவில்லை.
"உன் பங்கை வெட்டிட்டேன்டா."
ஜெர்வே கண்ணாடியைத் துடைத்தான்.
"ஸ்பீக்கர் காசையும் சேத்துச் சொல்றியா?"

கலியபெருமாள்தான் முதலில் சிரித்தான்,
தோள் வலிக்க.

ஓட்டுப் போட்டோம்.
வெட்டே இருக்கட்டும், நாலுக்கு ஒன்று.
எதிர்த்தது தாஜுதீன்.

சனிக்கிழமை மிஷன் வீதி ஹோட்டல் மொட்டைமாடி.
மீன் வறுவல் புகை, பதினோரு மேஜை,
சினிமாப் பாட்டு கேட்டு
இரண்டு தரம் சீட்டு வந்துவிட்டது.
மூன்றாவது சரணம் முடிந்தது.
கலியபெருமாளின் கட்டை காற்றில் நின்றது,
பிலோமின் வாயைத் திறந்து திரும்பினாள்,
தாஜுதீன் கம்பிமேல் உள்ளங்கையை வைத்துவிட்டான்.
யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.
ஜெர்வே மட்டும்
ஒன்று,
இரண்டு.

என் ஒற்றைச் சுரம்
பழக்கத்தில் தாவிப் போய்
பல்லவி வாசலில்
அவர்கள் வரும்வரை
தனியாக நின்றுகொண்டிருந்தது.