ஒரு சொல்லுக்கு ஒரு ரூபாய்

பாடம் ஏழு: ஓய்வு நேரம்.
படத்தில் டாம் என்கிற பையன்
ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறான்.
"பிடிச்ச மீனை எங்க விப்பான்?" என்றாள் எஸ்தர்ராணி.
விற்கமாட்டான், சும்மா பிடிக்கிறான்,
அதற்குப் பெயர்தான் லெஷர் என்றார் மாஸ்கரேனஸ் மிஸ்.
லீஷரா லெஷரா என்று
தொண்ணூறு அடி ரோடு முழுக்கச்
சண்டை போட்டுக்கொண்டே வந்தோம்.

வீட்டுப்பாடம் இதுதான்:
ஞாயிற்றுக்கிழமை எங்காவது போக வேண்டும்.
போய்,
ஆங்கிலம் மட்டும் பேச வேண்டும்.

சட்டம் போட்டவன் பீர் மைதீன்.
வேறு மொழியில் ஒரு சொல்லுக்கு ஒரு ரூபாய்.
காலிப் பவுடர் டப்பாவின் மூடியைக் கீறி
உண்டியலும் அவனே செய்திருந்தான்.
அதில் விழுந்த காசெல்லாம்
குளித்துவிட்டு வந்த மாதிரி மணத்தது.

மாஹிம் பிளாட்பாரத்தில் சகதியில் கால் வைத்து
ஐயோ என்றாள் எஸ்தர்.
நான் டப்பாவை நீட்டினேன்.
"அந்தச் சொல் டிக்‌ஷனரியில ஏறிருச்சு,
இப்ப அது இங்கிலீஷ்" என்றான் பீர்.
எஸ்தரை விட்டுவிட்டோம்.
டிக்‌ஷனரி, இங்கிலீஷ் இரண்டையும் கழித்து
பீரிடம் ஐந்து ரூபாய் வாங்கினோம்.

நாங்கள் மூவரும் லேடீஸ் பெட்டியில்.
அவன் ஜெனரலில்.
அங்கே எத்தனை தமிழ் பேசினானோ, யார் கண்டது.
ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மூன்று மொழியில் பேசுகிறாளே
கூரைக்குள்ளிருந்து ஒருத்தி,
அவளுக்கு மட்டும் அபராதமே இல்லை.
கிளிப் விற்கும் அக்காவிடம் எஸ்தர்
"ஹௌ மச்? டூ மச்!" என்று ஒரே மூச்சில் முடித்தாள்.
"ஃபிக்ஸட் ரேட்" என்றாள் அக்கா,
எங்கள் மிஸ்ஸைவிட அழகாக.

இசக்கி வாயே திறக்கவில்லை.
வகுப்பிலும் மூன்று வாரமாக அப்படித்தான்.
அபராதத்துக்கென்று அவள் அம்மா கொடுத்த
பத்து ரூபாய்த் தாள்
மடிப்புக் கலையாமல் கைக்குள் இருந்தது.

சர்னி ரோட்டில் இறங்கி, பாலம் ஏறி, சௌபாட்டி.
கடலைப் பார்த்து ப்யூட்டிஃபுல் என்றோம்.
பிறகு வெரி ப்யூட்டிஃபுல் என்றோம்.
அதற்குமேல் சொல்ல ஒன்றும் கைவசம் இல்லாமல்
மணலில் டப்பாவைக் கவிழ்த்தோம்.
எழுபத்தொரு ரூபாய்.
கோலா ஒன்று நாற்பது.
இரண்டு வாங்கினால் நாலு பேர் உறிஞ்சலாம்.
ரிட்டர்ன் டிக்கெட் தவிர எங்கள் பையில் எதுவும் இல்லை.
பீர் ஏதாவது தமிழில் பேசேன் என்று
ஜாடையில் கெஞ்சினான் எஸ்தரிடம்.
அவளிடமும் காசு இல்லை, பேசி என்ன பயன்.

அப்போதுதான் அலை வந்தது.
"ஐயோ! ஏட்டி, என் செருப்பு!
பிடிங்கட்டி!
நேத்துதானே வாங்குனேன்,
அம்ம கொன்னுருவா!"

நாங்கள் திரும்பிப் பார்த்தோம்,
கடலை அல்ல, இசக்கியை.
இவ்வளவு பெரிய குரலா இவளுக்கு!
செருப்பு அதற்குள் படகுபோல நிமிர்ந்து
ராஜ்பவன் பக்கமாய்ப் போய்க்கொண்டிருந்தது.
நான் விரல்விட்டு எண்ணிவிட்டேன்.
ஐயோவை விட்டால் எட்டு.
சேர்த்தால் ஒன்பது.

பீர் தொண்டையைச் செருமினான்.
"ஐயோ தமிழ்தான்" என்றான்.
"எப்பவும் தமிழ்தான்" என்றேன் நான்.
"காலையில சொன்னதுக்கு நான் தரமாட்டேன்" என்றாள் எஸ்தர்.
அதற்குள் யாரும் எண்ணுவதை நிறுத்தியிருந்தோம்.
இசக்கி தாளைப் போட்டுவிட்டு
மீதி ஒரு ரூபாயைச் சரியாக எடுத்துக்கொண்டாள்.

காலா கட்டா கோலா.
நாலு நாக்கும் நாவல்பழ நிறம்.
ஐஸ் உருகி முழங்கைவரை வழிந்ததை
எந்த மொழியிலும் யாரும் துடைக்கவில்லை.

திங்கட்கிழமை மிஸ் கேட்டார்,
ஓய்வு நேரத்தை எப்படிக் கழித்தீர்கள்?
எஸ்தர் எழுதிவைத்த தாளைத் தேடுவதற்குள்
கடைசி பெஞ்சிலிருந்து இசக்கி எழுந்தாள்.
"மை ஸ்லிப்பர்... வென்ட்... டு தி அரேபியன் ஸீ."

வகுப்பு சிரித்தது.
மிஸ் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.
"போத்?" என்றார்.

"ஒன்லி லெஃப்ட், மிஸ்.
ரைட் ஈஸ் அட் ஹோம்."