நூற்று இருபத்தேழைக் கழி

முப்பந்தலில் ஆடிக் காற்று.
கட்டுப்பாட்டு அறையின் தகரக் கதவைக்
கயிறு போட்டுக் கட்டியிருக்கிறோம்.
பதினேழாம் காற்றாடி தன் வேகத்தை
முப்பத்திரண்டு பிட்டுகளில் சொல்லி அனுப்புகிறது.
கூட்டலா கழித்தலா என்பதற்கு ஒன்று,
அடுக்குக்கு எட்டு,
மிச்சம் இருபத்து மூன்றும் பின்னத்துக்கு.

எனக்கு அந்த எட்டு போதும்.
காற்று எந்த அடுக்கில் நிற்கிறது என்று தெரிந்தால்
பச்சையோ சிவப்போ, விளக்கை ஏற்றிவிடலாம்.
மடக்கை போட்டுப் பார்க்கலாமே என்பீர்கள்.
இது நூறு ரூபாய்ச் சிப்.
தள்ளத் தெரியும், மறைக்கத் தெரியும், கழிக்கத் தெரியும்.

வலப்பக்கம் இருபத்து மூன்று இடம் தள்ளு.
கடைசி எட்டைத் தவிர எல்லாவற்றையும் மறை.
நூற்று இருபத்தேழைக் கழி.

மூன்றே வரி. ஓடவிட்டேன்.
ஆறரை வந்தது. விடை: மைனஸ் நூற்று இருபத்தேழு.
பன்னிரண்டு வந்தது. மைனஸ் நூற்று இருபத்தேழு.
கதவு பிய்ந்துபோகிற மாதிரி அடித்த காற்றுக்கும்
அதே மைனஸ் நூற்று இருபத்தேழு.

அசுந்தா கோபுரத்திலிருந்து இறங்கி வந்தாள்.
இடுப்புவாரின் கொக்கிகள் கலகலவென்று ஆட
நின்றபடியே திரையைப் பார்த்தாள்.
என் டீயைத்தான் எடுத்துக் குடித்தாள்.
"எடீ ஷெர்லின், நீ எண்ண மாத்திப்போட்ட.
ஆறரைய முழு எண்ணா ஆக்குனா ஆறுதான மிஞ்சும்?
இருபத்து மூணு இடம் தள்ளுனா
அந்த ஆறும் விளிம்புல விழுந்து போச்சு.
மாத்தப்பிடாது.
பிட்டு இருந்தபடியே இருக்கட்டும்.
நீ வாசிக்கத மட்டும் வேறயா வாசி."

நான்கு பைட்டையும் நோகாமல் தூக்கி
பக்கத்து இடத்தில் அதே வரிசையில் வைத்தேன்.
தள்ளினேன், மறைத்தேன். நூற்று இருபத்தொன்பது.
கழித்தேன். இரண்டு.
நாலுக்கும் எட்டுக்கும் நடுவில்
ஆறரை தன் அடுக்கில் உட்கார்ந்திருந்தது.

மைனஸ் எழுத இடமில்லாத குடியிருப்பு போலிருக்கிறது.
நிலவறைக்காரர்களும் வெட்கப்படாமலிருக்க
எல்லோரையும் நூற்று இருபத்தேழு மாடி
மேலே ஏற்றிக் குடிவைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் தோவாளைச் சந்தையில்
பிச்சிப்பூ கிலோ முன்னூறு என்றார் ஒருவர், எட்டாம் அடுக்கு.
அடுத்த கடையில் ஐநூறு, அதுவும் எட்டுதான்.
ஓணத்துக்கு முந்தின நாள் ஆயிரத்து ஐநூறு போகுமாம், பத்து.
இதை வாங்க வந்தவர்களிடம் சொல்லிவிட முடியாது.
பேரம் முழுக்கப் பின்னத்தில் நடக்கிறது.
நானும் இருபது ரூபாய் குறைத்துத்தான் வாங்கினேன்.

ராத்திரி இரண்டே முக்கால்.
திரையில் மறுபடியும் மைனஸ் நூற்று இருபத்தேழு.
வாயில் வந்ததைத் திட்டினேன்.
எங்கோ பழைய வரி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று
மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தேன்.
மூன்றாவது முறை படிக்கும்போதுதான்
என் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது.

கதவுக் கயிறு தொய்ந்து கிடந்தது.

இடைவெளிக்குள் கைவிட்டுக் கதவைத் தள்ளிப் பார்த்தேன்.
அத்தனை காற்றாடிகளும் நின்றிருந்தன,
சில ஒற்றை இறக்கையைத் தலைக்குமேல் தூக்கியபடி.
ஆரல்வாய்மொழி ஸ்டேஷனில் யாரோ இருமுவது
இங்கே கேட்டது என்றால் அசுந்தா நம்பமாட்டாள்.

முப்பத்திரண்டு பிட்டும் பூஜ்யம்.
பூஜ்யத்துக்கு அடுக்கு இல்லை.
இல்லாததைக் கேட்டதற்கு
சிப் தன்னிடம் இருந்ததைக் கழித்துக் கொடுத்திருக்கிறது.
காலையில் பிழை. இப்போது
அதே எண்ணில் ஒரு சொட்டுப் பொய்யில்லை.

நாலாவதாக ஒரு வரி சேர்த்தேன்:
பூஜ்யமாக இருந்தால் எதுவும் கேட்காதே.
அதற்கு என்ன நிற விளக்கு என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.

கயிற்றை இழுத்துக் கட்டினேன்.
ஆடி முடியப் பதினோரு நாள் கிடக்கிறது.