கடல் தெரியாத அறை

நாயுடுபுரத்துச் சரிவில்
நாலு அறை வாடகைக்கு விடுகிறவள் நான்.
எங்கே நின்று படமெடுத்தால்
ஒரு அறை மண்டபமாகும் என்று தெரியும்:
குளியலறைக் கதவைத் திறந்து வைத்து
கக்கூஸ் மூடிமேல் ஏறி நின்றால்.

மூன்றாம் எண்ணில் பள்ளத்தாக்குக் காட்சி உண்டு.
கட்டிலின் தலைமாட்டில் முழங்காலிட்டு
இடப்பக்கம் கழுத்தை நீட்டினால்
எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் தைலமரத்துக்கும் நடுவே
ஒரு சாண் பள்ளத்தாக்கு.
பொய்யில்லை.
அளவு சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆடி பிறந்து வண்டிகள் ஓய்ந்து
போர்வைகளை உதறி மடித்த பிறகு,
பதினேழு வருஷத்தில் முதல்முறையாக,
நாமும் எங்காவது போய்க்
காசு கொடுத்துப் படுக்கலாம் என்றார் அமலதாஸ்.
கடலுக்கு என்றேன்.
சத்தமில்லாத கடலுக்கு.
கடலே சத்தம்தானே என்றார்.
மனுஷச் சத்தம் என்றேன்.

இங்கே வருகிறவர்களில் சிலர்
மூடுபனியைப் பார்த்துக் கடல் மாதிரி என்பார்கள்.
அவர்கள் இதில் துணி காயப்போட்டதில்லை.

ராத்திரி ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டருக்குள் இருந்துகொண்டு
போனில் கடற்கரைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம்.
எல்லாவற்றிலும் நீலம்.
என் கண் நீலத்தில் நிற்கவில்லை.
தலையணை உறை ஓரத்தில் மஞ்சளைப் பார்த்தது,
திரைச்சீலைக்குப் பின்னே சுவரில் ஏறும் ஈரத்தை,
துண்டில் மடித்த அன்னம் ஒன்று
மெத்தைப் பள்ளத்தின்மேல் உட்கார்ந்திருப்பதை.
அந்த அன்னத்தை
நானும் மடிப்பேன்.

தரங்கம்பாடியில் ஒன்று: பழமை மாறாதது.
குழாயும் மாறியிருக்காது.
கோவளம் பக்கம் ஒன்று: குடும்பங்களுக்கு ஏற்றது.
ஸ்பீக்கர் உண்டென்று அர்த்தம்.
இன்னொன்று கடலிலிருந்து நூறடி.
போன் போட்டேன்.
எப்போ நூறடி? வத்தும்போதா, ஏறும்போதா?
மேடம், நீங்க எந்த ஊரு என்றான் பையன்.
வைத்துவிட்டேன்.

மணப்பாட்டில் படமே போடாமல் ஒரு எண் இருந்தது.
எடுத்தவள் பெயர் ரெஜினா மோத்தா.
பின்னால் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தினாள்.
வாய்ப் பழக்கத்தில்
சுடுதண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுத் தொலைத்தேன்.
இங்க பச்சைத் தண்ணியே சுடுதண்ணிதாம்மா.
சன்னல்ல கடல் தெரியுமா?
தெரியாது. பக்கத்து வீட்டுச் சுவருதான் தெரியும்.
சுவத்துல ஒரு பல்லி. அது போகாது.
சத்தம்?
கடல் கேக்கும். எங்க வீட்டுக்காரர் குறட்டையும் கேக்கும்.
ஆடிக்காத்து வேற, சோத்துல மணல் விழும்.
சரி, வாடகை?
வந்து ஒரு ராத்திரி படுத்துட்டுச் சொல்லுங்க.

எங்கள் தொழிலில் யாரும் இப்படிப் பேசுவதில்லை.
போனை மடியில் வைத்துக்கொண்டு
ஹீட்டரின் சிவப்புக் கம்பியைப் பார்த்தபடி இருந்தேன்.
இவ்வளவு உண்மை பேசுறவ
எதையோ மறைக்கிறா என்றார் அமலதாஸ்.
எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.
முன்பணம் அனுப்பினேன்.
வேண்டாங்க, திருப்பி அனுப்புறேன் என்று செய்தி வந்தது.
சந்தேகம் கூடியது.
பெட்டியில் முதலில் ஸ்வெட்டரை வைத்தேன்,
எடுத்தேன்,
ஒன்றை மட்டும் திரும்ப வைத்தேன்.

காலையில் திண்டுக்கல்லிலிருந்து ஒருவர்.
கல்யாணமாகி ஒரு மாசமாம்,
அடுத்த வாரம் மூன்றாம் எண் வேண்டுமாம்,
காட்சி நல்லாத் தெரியுமா என்றார்.
தெரியும் சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
ஒரு சாண் தெரியும் சார்
என்று வந்துவிட்டது.
எதிர்முனையில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
பிறகு மிகவும் பொறுப்பாக,
யார் சாண் என்று கேட்டார்.

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு
மூன்றாம் எண்ணைத் திறந்து
கட்டில்மேல் முழங்காலிட்டு
கையை விரித்துக் கண்ணாடியில் வைத்தேன்.
தொட்டி இல்லை. தைலமரம் இல்லை.
ஐந்து விரலைச் சுற்றியும் வெள்ளை.

இருங்க சார், பாத்துச் சொல்றேன் என்றேன்.
அவரும் இருந்தார்.