ஆறும் எட்டும்

ஆறு நாளுக்கு ஒருமுறை அவனுக்கு ஓய்வு.
சீனக்குடா மா ஆலையில்
கோதுமை உறிஞ்சும் குழாயோடு நிற்பவன்.
எட்டு நாளுக்கு ஒருமுறை எனக்கு.
ஒன்பதாம் வார்ட்.

முதலில் பெருக்கிப் பார்த்தேன்,
நாற்பத்தெட்டு. பயந்தே போனேன்.
பிறகுதான் தெரிந்தது
ஆறுக்குள்ளும் எட்டுக்குள்ளும் ஓர் இரண்டு இருக்கிறது,
அதை ஒருதரம் எண்ணினால் போதும்.
பொது மடங்குகளுட் சிறியது இருபத்து நான்கு.
பொதுவாய் ஏதும் இருந்தால் காத்திருப்பு குறையும்:
கலியாணம் பற்றி எனக்குக் கிடைத்த
ஒரே உருப்படியான புத்திமதி
ஏழாம் வகுப்புக் கணக்குக் கொப்பியில் கிடந்தது.

மேல்மாடிப் பிலோமினாவுக்கும் புருஷனுக்கும்
நாலும் பன்னிரண்டும்.
விடை பன்னிரண்டேதான்.
சின்னது பெரியதற்குள் அடங்கிவிட்டது.
நாலு யாருடையது என்று
நான் சொல்லப்போவதில்லை.

முன்வீட்டில் ஐந்தும் ஏழும்.
முப்பத்தைந்து நாள், பாவம்.
ஆனாலும் சிரிப்புச் சத்தம் அங்கேதான்.

இருபத்து நான்காம் நாள் வந்தால்
டச்பே கடற்கரையில் நடப்போம் என்றிருந்தோம்.
அவன் காதுமடலில் எப்போதும் கொஞ்சம் மா.
என் விரல்களில் ஸ்பிரிட் வாசம்.
போன தடவை
கச்சான் சுற்றிய கடதாசியை
ஒரு மான் வந்து வாங்கித் தின்றது.

இந்தத் தடவை மழை.
கப்பலின் மூடியைத் திறக்க முடியவில்லை.
அவன் ஓய்வு ஒரு நாள் தள்ளிப்போனது.
ஒரு நாள்தானே என்றான்.
ஒரு நாள்தானே என்றுதான் நானும்
இரவுக் கடமையில்
பழைய மருந்து அட்டையின் பின்புறம் எழுதினேன்.

அவன்: இருபத்தைந்து, முப்பத்தொன்று, முப்பத்தேழு.
நான்: முப்பத்திரண்டு, நாற்பது, நாற்பத்தெட்டு.
அவனுடையதெல்லாம் ஒற்றை.
என்னுடையதெல்லாம் இரட்டை.
நூறு தாண்டினேன்.
நாலாம் கட்டிலுக்குச் சேலைன் மாற்றிவிட்டு வந்து
இருநூறும் தாண்டினேன்.
எங்கேயும் இல்லை.

அன்று காத்திருப்பைப் பாதியாக்கிய அதே இரண்டு
இன்று குறுக்கே படுத்திருக்கிறது.
ஐந்தையும் ஏழையும் எவ்வளவு தள்ளிவிட்டாலும்
எங்கேயோ முட்டிக்கொள்ளும்.
முன்வீட்டுச் சிரிப்பு
அந்த இரவில்தான் விளங்கியது.

பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள்:
இரு மணிகள் ஒன்றாக ஒலிக்கத் தொடங்கின,
மறுபடி எப்போது ஒன்றாக ஒலிக்கும்?
எண்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு
அந்த முதல் 'ஒன்றாக'வைத் தாண்டித் தாண்டியே
நான் நூறு புள்ளி வாங்கியவள்.

விடிய, கிண்ணியா பஸ்ஸில் வந்திறங்கிய
றிஸ்வியாவிடம் கேட்டேன்:
உன் முப்பத்து மூன்றைத் தா,
என் முப்பத்திரண்டை எடு.
"ஒரு நாளில் என்னடி வந்தது?"
அதிலிருந்து என் வரிசை முழுக்க நகரும் என்றேன்.
விளங்காமலே கையெழுத்து வைத்தாள்.
மேட்ரன் பெருமூச்சோடு அட்டவணையைத் திருத்தினார்.

முப்பத்து மூன்று, நாற்பத்தொன்று,
நாற்பத்தொன்பது.
அவனும் அங்கே வருகிறான்.

இன்று இருபத்தெட்டு.
உள்துறைமுகத்தின் மேல் மேகம் கறுக்கிறது.
பெயர் தெரியாத ஏதோ ஒரு கோதுமைக் கப்பலுக்காக
பத்திரகாளிக்கு
ஒரு தேங்காய் நேர்ந்திருக்கிறேன்.