ஐந்தரை மணி நேரம்

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
எடைமேடையில் எனக்கு இரவு ஷிஃப்ட்.
பத்து மணிக்கு மேல் கிழங்கு லாரி குறைவு.
மேஜையில் ஐந்து ரோடு அன்வர்தீன் கொடுத்த பென் டிரைவ்.
கூடவே ஒரே ஒரு அறிவுரை:
"எல்லாத்துக்கும் நெக்ஸ்ட் குடுங்க மேடம்,
டிஸ்க்கு கேக்கறப்ப மட்டும் கையை எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன்.
இருப்பதை அழித்துவிட்டு நிறுவவா,
பக்கத்திலேயே நிறுவவா என்று நின்றது லினக்ஸ்.
எடைக் கணக்கு முழுக்கப் பழைய விண்டோஸில்.
நான் ஒரிஜினல் இல்லை, ஒரிஜினல் இல்லை என்று
தினமும் திரை மூலையில் அதுவே எழுதிக் காட்டும்.
இருந்தும் அழிக்க மனம் வரவில்லை.
பக்கத்திலேயே என்றேன்.
ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு.

எந்த ஊர்?
வரைபடத்தில் சேலம் இருக்கும் இடமாகப் பார்த்து அழுத்தினால்
கொல்கத்தா என்கிறது.
சென்னைகூடவா தெரியாது?

உங்கள் பெயர்?
பதினோரு வருடமாக ரசீதில் நான் ஆபரேட்டர் 2.
பிலோமினா என்று அடித்துவிட்டு
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கணினிக்கும் ஒரு பெயர் வேண்டுமாம்.
கிழங்கு என்று வைத்தேன்.
ழகரத்தை இசட்டும் எச்சும் போட்டு
ஒருவழியாக உள்ளே தள்ளினேன்.

பிறகு அந்தக் கறுப்புத் திரை.
பாஸ்வேர்டு கேட்கிறது, அடிக்கிறேன்,
ஒரு புள்ளிகூட விழவில்லை.
கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன்.
ஜவ்வரிசி மாவு கொட்டியதுதான் மிச்சம்.
அந்நேரத்தில் அன்வர்தீனுக்குப் போன்.
"அது அப்படித்தான் மேடம். காட்டிக்காது, வாங்கிக்கும்."
புள்ளி பார்த்துக் கிழங்குக்கு விலை போடுகிற ஊரில்
புள்ளியே விழாததை எப்படி நம்புவது?
"ரூட்டா இருந்து செய்யணும், அதான் கேக்குது" என்றார்.
எனக்குத் தெரிந்த ரூட்
அரூர் ரூட், ஆத்தூர் ரூட்.

இரண்டு பத்துக்கு ஹாரன்.
பாப்பிரெட்டிப்பட்டி மாதையன்.
மஞ்சவாடி கணவாயில் டயர் வெடித்து
மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார்,
முழங்கை வரை கிரீஸ்.
கிழங்கை அணைத்து விண்டோஸை எழுப்பினேன்.
லாரி ஏறியது, எண் ஆடி நின்றது, அச்சடித்தேன்.

ரசீதை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
"ஏனுங்க, நேத்து ராத்திரி எட்டு நாப்பதுக்கே
வந்துட்டனா நானு?"

வாங்கிப் பார்த்தேன்.
நேற்றைய தேதி. நேற்றைய மணி.
இரண்டு அடுப்புக்காரர்களும்
கடிகாரத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கிறார்கள்.
பன்னிரண்டு அடித்தால் டன்னுக்கு முந்நூறு குறையும் என்று
ஓனர் சாயங்காலமே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.
வண்டியில் ஒன்பது டன் சொச்சம்.
கணக்கு என் தலையில் ஓடியது,
அவர் தலையிலும் ஓடியிருக்கும்.
ஒன்றும் கேட்கவில்லை மனிதர்,
கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலை
இருட்டோடு இருட்டாக,
ஏற்காடு விளக்குகள் மட்டும் மேலே தனியாக
ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்தியதுபோல.

"மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று
சீல் குத்திக் கொடுத்தேன்.

லாரி வெறும் வண்டியாகத் திரும்பிப் போகும்வரை
வேறொன்றும் செய்யவில்லை.
அப்புறம் மறுபடி கிழங்கை எழுப்பி,
அன்வர்தீன் வாட்ஸப்பில் அனுப்பிய ஒற்றை வரியை
எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தேன்,
கண்ணுக்குத் தெரியாத பாஸ்வேர்டோடு.
பதிலே இல்லை.
தப்பென்றால்தான் வாயைத் திறக்குமாம்,
சரியென்றால் அடுத்த வரியில் வெறுமனே காத்திருக்கும்.

காத்திருந்தது.
மணி நாலு ஐந்து,
இரண்டிலும்.